கலப்புக் குடியிருப்பில் கேட் எத்தனை?

போன மாதம் வடசென்னையிலிருந்து ஒரு போன். பேசிய தங்கை பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். "எங்க பில்டிங்க இடிச்சிட்டு புதுசா கட்டப் போறாங்கண்ணே. கூட்டம் போட்டு பிளான் காட்டுனாங்க. இப்போ கையெழுத்து கேக்குறாங்க. உங்க ஊரு பக்கத்துல நாவலூருக்கு வந்தவங்கள உங்களுக்குத் தெரியும்ல? அவங்கள்ல யாரையாச்சும் கூட்டினு வாங்க. அவங்க வந்து சொன்னா எங்க ஜனம் கேக்கும்" என்றார்.

குடியிருப்பின் பெயரை இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் அதை மட்டும் எழுதவில்லை. மற்றவற்றை எழுதுகிறோம்.

நாங்கள் வடக்குப்பட்டுக்காரர்கள். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை வந்து அகழாய்வு செய்தபோதுதான் எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகையில் வந்தது. மண்ணுக்கடியில் பழைய மனிதர்கள் வாழ்ந்த தடயம் கிடைத்ததில் எங்களுக்கும் பெருமைதான். மண்ணுக்கு மேலே ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இன்னும் ஏன் இருக்கிறது என்பதைத்தான் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்தபோது இந்தப் பிரிவு தானாகவே கரைந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். எங்களில் சிலரும் நம்பினோம். ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள், ஒரே யூனிஃபார்ம் போடுகிறார்கள், ஒரே கேண்டீனில் சாப்பிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து இறங்கும் இடம் மட்டும் வேறு. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் தம்பிகள் இந்தப் பகுதியில் ரூம் தேடினால் மூன்று கேள்விகள் வரும். "எந்த ஊரு தம்பி?" "ஊர்ல எந்தத் தெரு?" "உங்க ஆளுங்க இங்க யாராச்சும் இருக்காங்களா?" மூன்றாவது கேள்விக்கு மேல் நான்காவது வராது. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற பதில்தான் வரும். 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா அரசு வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு தடி போய்விட்டது, கேள்வி இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வேலையும் பணமும் ஒன்றாகிவிட்டால் வாழும் இடமும் கலந்துவிடும் என்று யாராவது சொன்னால் எங்களால் சும்மா இருக்க முடியாது. வடசென்னையில் காட்டிய பிளானின் பெயரே 'கலப்புக் குடியிருப்பு'.

நாவலூர் என்றதும் ஓ.எம்.ஆர். நாவலூரை நினைத்துவிட வேண்டாம். நாங்கள் சொல்வது ஒரகடம் பக்கத்து நாவலூர். சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அங்கே வாரியம் அடுக்குமாடி வீடுகள் கொடுத்திருக்கிறது. அங்கிருந்து ஓர் அக்காவை அழைத்துக்கொண்டு மூன்று பேர் கிளம்பினோம். படப்பை வழியாகத் தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயின். அக்கா கூவக்கரையில் இருந்தபோது நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். நான்கும் நடந்து போகிற தூரம். "இங்க வந்தப்புறம் ஒரு வருஷம் மட்டும் விடாம போயினு வந்தேன் தம்பி. பஸ்ஸுக்கே பாதி சம்பளம் போச்சு. காலைல ஆறு மணிக்கு வரணும்னு சொன்ன வீட்ல ஒம்போது மணிக்குப் போய் நின்னா யார் வெச்சிப்பாங்க? வூடு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. வூட்ட வெச்சிக்கினு இன்னா பண்றது?"

குடியிருப்பின் மொட்டை மாடியில் கூட்டம். நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள், அதில் பெண்கள்தான் அதிகம். பிளானை செராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று கட்டிடங்கள். இப்போது இருப்பவர்களுக்கு ஒன்று. விற்பனைக்கு ஒன்று, அதில் இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம் வீடுகள். மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி கடைகளும் அலுவலகங்களும் உள்ள மூன்றாவது கட்டிடம். நடுவில் பச்சையாக ஒரு பூங்கா, குழந்தைகள் விளையாடுகிற மாதிரி படம். அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்தான் விரல் வைத்துக் கேட்டார்: "இது இன்னாம்மா, இந்தாண்ட ஒரு கேட்டு, அந்தாண்ட ஒரு கேட்டு?"

"அதான்க்கா நானும் கேட்டேன். மெயின்டனன்ஸ் வேற வேறயாம். அதனால கேட்டும் வேறயாம்" என்றார் தங்கை.

இந்த மாதிரித் திட்டத்தில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கூட்டத்தில் விளக்கினோம். நிலம் அரசுடையது. அதன் மேல் மூன்று மாடி, நான்கு மாடி என்று பழைய கட்டிடம். அதை இடித்துவிட்டு உயரமாகக் கட்டினால் பழைய குடும்பங்களுக்கு வீடு கொடுத்த பிறகும் இடம் மிஞ்சும். மிஞ்சுவதில் வீடும் கடையும் கட்டி விற்றால் அந்தப் பணத்தில் பழைய குடும்பங்களின் வீட்டுக்கான செலவு ஈடாகும். கணக்கு தப்பில்லை. ஏழைகள் வாழும் இடத்தில் வசதியானவர்களும் வந்து வாழ்ந்தால் நல்ல பள்ளி வரும், குப்பை வண்டி நேரத்துக்கு வரும், போலீஸ் கொஞ்சம் மரியாதையாகப் பேசும் என்பதிலும் உண்மை இருக்கிறது. கலப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. கலப்புக்காகப் பாடுபட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

ஆனால் அந்தக் கணக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது. விற்கிற வீடு நல்ல விலைக்குப் போக வேண்டுமானால், வாங்க வருகிறவர் கண்ணில் பழைய குடியிருப்பு படக் கூடாது என்று விற்கிறவர் நினைப்பார். அதனால் கேட் தனியாகும், லிஃப்ட் தனியாகும், பிறகு நடுவில் ஒரு சுவர் வரும். மும்பையில் 1995 முதல் நடக்கும் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இதைத்தான் பார்க்கிறோம். ஒரே மனையில் இலவச வீடுகள் நெருக்கியடித்து ஒரு மூலையில், விற்பனைக் கட்டிடம் காற்றோட்டமாக இன்னொரு பக்கம். அதைக் கலப்பு என்று சொன்னால் ஊரும் காலனியும் சேர்ந்த எங்கள் பஞ்சாயத்தும் கலப்புதான்.

ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "தம்பிங்களா, மழை வந்தா கூரைல இருந்து சிமெண்ட் பேந்து எம் பேரப்புள்ள மேல விழுது. சாகுறதுக்குள்ள ஒரு நாளாச்சும் நல்ல வூட்ல படுக்கணும்னு பாக்குறேன். நீங்க வந்து சட்டம் பேசி இத கெடுத்துட்டுப் போயிடாதீங்க" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. எங்களிடம் உடனே பதில் இல்லை. தலித் குடியிருப்புகளுக்கு வெளியிலிருந்து போய் "கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்வது சுலபம். அந்தக் கூரைக்குக் கீழே அன்று இரவு படுக்கப் போவது நாங்கள் இல்லை.

அதனால் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை விட்டுவிட்டோம். எந்த நிபந்தனையோடு என்று பேச ஆரம்பித்தோம்.

முதல் நிபந்தனை, திரும்பி வருவது. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் சென்னையின் நடுவில் நம் மக்கள் இருக்கிறார்கள் என்றால் அந்தக் கட்டிடங்கள்தான் காரணம். 2000இல் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இருந்த இடத்தில் வீடு என்பது போய், எங்கே காலி நிலமோ அங்கே வீடு என்று ஆனது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகம் பிடித்தது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் போனது நல்லதுதான். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். பக்கத்திலேயே வீடு கொடுக்க முடியும் என்பதை ஓர் உயிர் போன பிறகு கேட்டோம்.

மறுகட்டுமானத்தில் ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. இடிப்பதற்கும் புது வீட்டுச் சாவி கைக்கு வருவதற்கும் இடையில் இரண்டு, மூன்று வருஷம் ஓடும். அந்தக் காலத்துக்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையை 2021இல் ரூ.8,000இலிருந்து ரூ.24,000 ஆக உயர்த்தினார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000 ரூபாய். வடசென்னையில் அதற்கு ஒரு ரூம் கிடைக்காது. அரசுக் கோப்பில் அதன் பெயர் 'கருணைத் தொகை'. தன் வீட்டைக் காலி செய்து கொடுக்கிறவருக்குத் தருவது எப்படிக் கருணையாகும்? வாடகை கொடுக்க முடியாதவர் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி என்று தள்ளிப் போவார். பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்ப்பார். கணக்கெடுக்க வரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

இரண்டாவது நிபந்தனை, பெயர்ப் பட்டியல். தாராவியில் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆதிதிராவிட மக்கள் நான்கைந்து தலைமுறையாக இருக்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். அங்கே இப்போதைய திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்ந்ததாகக் காகிதம் காட்டுகிறவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருந்தவருக்கும் பிறகு வந்தவருக்கும் வெளியே. ஒரே ஏணியில் ஏறி இறங்கிய இரண்டு குடும்பங்களை ஒரு தேதியும் ஒரு தளமும் பிரித்துவிடும். அதனால்தான், இடிப்பதற்கு முன்பே யார் யாருக்கு வீடு என்ற பட்டியலைக் கதவு எண்ணோடு எழுதிக் குடியிருப்பின் சுவரில் ஒட்ட வேண்டும் என்றோம். கல்யாணமாகி அதே வீட்டில் தடுப்புப் போட்டு வாழும் மகன், மகள் குடும்பங்களும் அதில் வர வேண்டும். அலமாரியில் இருக்கும் காகிதத்தை நம்பி எங்கள் செங்கல்பட்டுச் சீமை பட்டது போதும். 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையால் பஞ்சமி நிலம் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை எழுத்தில் இருந்தது. நிலம் எங்கே போனது? அதை மீட்கக் கிளம்பிய காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் மாண்டார்கள். எழுத்து இருந்தால் போதாது, அது எல்லார் கண்ணிலும் பட வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை, கேட். தமிழ்நாட்டுக்குக் கலப்புக் குடியிருப்பு புதிதில்லை. 1997இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் அதுதான். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீட்டில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அதில் எங்களுக்கு விமர்சனம் உண்டு. ஊரையும் சேரியையும் அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கட்டினார்கள். ஆனாலும் அதில் ஒரு நல்ல விதி இருந்தது. நாற்பது வீட்டை ஒரு மூலையில் சேர்த்து வைக்கவில்லை, வரிசைக்குள்ளேயே கலந்து கொடுத்தார்கள். சிங்கப்பூரிலும் 1989 முதல் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு பிளாக் முழுக்கத் 'தமிழ் பிளாக்' ஆகிவிட முடியாது. அங்கேயும் அதற்கு விலை உண்டு. வரம்பு நிரம்பிய பிளாக்கில் இருக்கும் சிறுபான்மையினர் வீட்டை விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு, விலையும் குறைவு. ஆனால் தானாகக் கலக்காது, விதி போட்டுத்தான் கலக்க வேண்டும் என்பதை அந்த அரசு ஒத்துக்கொண்டது.

புளியந்தோப்பு கே.பி. பூங்காவையும் பேசினோம். பழைய வீடுகள் இருந்த இடத்தில் 1,920 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜூலையில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் வீடிழந்தவர்களையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆகஸ்டில் கையால் தட்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்வதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். ஐ.ஐ.டி. ஆய்வு வரை போனது. வாங்குகிறவர் கேள்வி கேட்கக் கூடியவராக இருந்தால் அப்படிப் பூசியிருப்பார்களா? ஒரே கட்டிடத்தில் விற்பனை வீடும் வாரிய வீடும் இருந்தால் சிமெண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், லிஃப்டும் ஒன்றாகத்தான் ரிப்பேர் ஆகும். கேட் ஒன்றா இரண்டா என்று நாங்கள் கேட்பது மானப் பிரச்சினைக்காக மட்டுமில்லை.

மெயின்டனன்ஸ் கட்ட முடியாது என்ற கேள்வி நியாயமானது. பத்து மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும், லிஃப்டுக்குக் கரண்ட் பில் வரும். அதற்குத்தான் கடைகள் இருக்கின்றன. கடை வாடகையில் ஒரு பங்கைப் பொதுப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும், சங்கம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதினோம். பழைய குடும்பங்களில் தள்ளுவண்டி, இட்லிக் கடை, அயர்ன் கடை வைத்திருப்பவர்களுக்குத் தரைத்தளத்தில் இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அதைச் சொன்னது எங்களில் யாருமில்லை, இட்லி சுடும் ஓர் அம்மா.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஒரு தம்பி கேட்டான். எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னோம். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, செல்போன் கம்பெனிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை ரூ.706.50 கோடியில் சிப்காட் கட்டி முடித்து, முதலமைச்சர் திறந்து வைத்தார். வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் தங்குகிற இடம் என்பது அரசுக்குத் தெரியாத விஷயமில்லை. தொழிற்சாலைக்குத் தேவை என்றால் பக்கத்திலேயே கட்டுகிறார்கள். பாத்திரம் தேய்க்கிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் மட்டும் எங்கள் ஒரகடத்தில் நிலம் தேடுகிறார்கள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. நிபந்தனைகளை ஒரு முழுத்தாளில் எழுதினோம். திட்டத்துக்குச் சம்மதம், இந்த நிபந்தனைகளோடு என்று தலைப்பு. தங்கை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். பெயர்ப் பட்டியல் பற்றிய வரியைப் பெரியவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "எங் கதவு நம்பரு சுவத்துல ஒட்டுவாங்களா?" "ஒட்டணும்னுதான் தாத்தா கேக்குறோம்." அவர்தான் முதல் கையெழுத்து. அதிகாரிகள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்கள் என்று மறுவாரம் தெரிந்தது. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறோம்.

தாம்பரத்தில் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைத்தது. படப்பை தாண்டும் வரை அக்கா பேசவில்லை. பிறகு கேட்டார்: "நாவலூர்ல இருந்து திரும்பப் போறதுக்கு எந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும் தம்பி?"

மூன்று பேர் இருந்தோம். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஜெய் பீம்.